மூச்சு வாங்கினாலும் பத்து அடி



நுரையீரல் புற்றுநோய் முற்றிய ஒருவர் வீட்டில் இருக்கிறார். அவர் உடற்பயிற்சி செய்யலாமா? இன்றைய பேச்சு அதைப் பற்றித்தான்.

"எழுந்து நிற்கவே முடியாதவருக்கு உடற்பயிற்சியா? இது என்ன கூத்து!" என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். உடற்பயிற்சி என்றதும் தண்டால் எடுப்பதும் ஓடுவதும் நினைவுக்கு வருகின்றன. இங்கே சொல்வது அது அல்ல. நாற்காலியில் இருந்து எழுவது, பத்து அடி நடப்பது, கையைத் தூக்கி இறக்குவது, இவ்வளவுதான்.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம் பார்ப்போம். நுரையீரலில் கட்டி வந்தால் தொடக்கத்தில் வலி தெரிவதில்லை. இருமல் வரும், உடம்பு இளைக்கும். நம் நாட்டில் பலர் இதை டி.பி. என்று நினைத்து, அதற்கான மாத்திரையைச் சில மாதங்கள் சாப்பிடுகிறார்கள். உண்மை தெரியும்போது நோய் பரவி இருக்கும். பீடி, சிகரெட் பிடித்தவர்களுக்கு இந்த நோய் அதிகம் வருகிறது. ஒரு நாளும் புகைக்காத பெண்களுக்கும் வருகிறது. ஆகவே நோயாளியைப் பார்த்து "நீ தேடிக்கொண்டது" என்று சொல்வது சரியல்ல.

நோய் முற்றிவிட்டால் முழுவதும் குணமாக்குவது பெரும்பாலும் முடியாது. மருந்தால் நோயைக் கட்டுப்படுத்தலாம், துன்பத்தைக் குறைக்கலாம். உடற்பயிற்சியும் கட்டியைக் கரைக்காது. இதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். பிறகு எதற்காகப் பயிற்சி?

ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். மும்பையில் தாராவி. பத்தடிக்குப் பத்தடி அறை. இளம் வயதில் திருநெல்வேலிப் பக்கத்தில் இருந்து பிழைக்க வந்தவர். இப்போது வயது 58. நுரையீரல் புற்றுநோய் முற்றிவிட்டது. கீமோ மருந்து ஏற்றுகிறார்கள். நடந்தால் மூச்சு வாங்குகிறது. மனைவிக்குப் பயம்.

"நீங்க அசையாதீங்க. எது வேணும்னாலும் நான் எடுத்துத் தாரேன்" என்கிறார்.

அன்பில்தான் சொல்கிறார். ஆனால் உடம்பில் என்ன நடக்கிறது? படுத்தே இருந்தால் தொடையும் காலும் மெலிகின்றன. மெலிந்த தசை சிறு வேலைக்கே களைத்துப் போகிறது. அப்போது மூச்சு இன்னும் அதிகமாக வாங்குகிறது. மூச்சு வாங்குவதால் மறுபடியும் படுக்கிறார். இப்படிச் செக்கு மாடு போலச் சுற்றிச் சுற்றி, நோய் எடுக்காத பலத்தையும் படுக்கை எடுத்துக்கொள்கிறது.

அந்த வீட்டில் கழிப்பறை இல்லை. சந்தின் கோடியில் பொதுக் கழிப்பறை இருக்கிறது. வாசலில் இருந்து 80 அடி. ஒரு நாள் மகன் அவரைத் தூக்கிக்கொண்டு போனான். சந்தே பார்த்தது. அன்று இரவு அவர் சாப்பிடவில்லை.

"இதுக்காவது நான் நடந்து போகணும், புள்ள" என்றார் மனைவியிடம்.

அவருடைய பயிற்சிக்கு இதைவிட நல்ல குறி வேறு எது?

முதல் வேலை, மருத்துவரைக் கேட்பது. கேட்காமல் தொடங்கக் கூடாது. இந்த நோய் எலும்புக்குப் பரவும். முதுகெலும்பிலோ இடுப்பிலோ தொடையிலோ பரவி இருந்தால், தவறாக அசைந்தால் எலும்பு முறியலாம். ரத்தம் குறைந்திருக்கலாம். எது செய்யலாம், எது கூடாது என்று மருத்துவரும் பிசியோதெரபிஸ்டும் பார்த்துச் சொல்ல வேண்டும். பெரிய ஆஸ்பத்திரிகளில் பிசியோதெரபிப் பிரிவு இருக்கிறது. கீமோவுக்குப் போகும் நாளிலேயே கேட்கலாம்.

அடுத்தது மூச்சு. மூக்கால் மெல்ல இழுக்க வேண்டும். உதட்டைக் குவித்து, சூடான டீயை ஊதுவது போல மெல்ல விட வேண்டும். இழுக்கும் நேரத்தைப் போல இரண்டு மடங்கு நேரம் விட வேண்டும். மிகவும் வாங்கினால் உட்கார்ந்து, முன்னால் சாய்ந்து, முழங்கையைத் தொடையில் ஊன்றிக்கொள்ளலாம். முகத்துக்கு நேரே விசிறினால் மூச்சுத் திணறும் உணர்வு குறைகிறது. சின்னக் கை விசிறி போதும். பனையோலை விசிறி ஊரில் இருந்து வந்திருந்தால் அது இங்கே மருந்துப் பெட்டியில் சேர வேண்டியது.

இப்போது கால். தரையில் இருந்து எழுவது கடினம். அதனால் ஆடாத நாற்காலி அல்லது பெஞ்சு வேண்டும். சுவரை ஒட்டிப் போட வேண்டும். எழும்போது மூச்சை விட்டபடி எழ வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது. முதலில் மூன்று தடவை, முடிந்தால் ஐந்து. பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்கலாம். அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் அரை கிலோ எடை. உட்கார்ந்தபடி அதைத் தூக்கி இறக்கினால் கைக்குப் பலம்.

நடைக்கு அறை போதாது. குழாயடியில் கூட்டம் கூடுவதற்கு முன்னால் சந்தில் நடக்கலாம். பத்து அடி நடை, ஓய்வு, மறுபடி பத்து அடி. பக்கத்து வீட்டு வாசலில் ஒரு ஸ்டூல் போடச் சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள். கூட வருபவர் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. பக்கத்திலேயே நடந்தால் போதும். சாப்பிட்ட உடனே பயிற்சி வேண்டாம். அடுப்புப் புகை இருக்கும்போதும் வேண்டாம்.

எவ்வளவு செய்வது? நடக்கும்போது ஒரு வாக்கியம் பேச முடிய வேண்டும். ஒரு சொல்லுக்கே மூச்சு முட்டினால் அது அதிகம். நிறுத்திவிட வேண்டும்.

இங்கேதான் எழுதப் படிக்கக் கற்ற கை உதவுகிறது. அந்த மனைவி இரவு வகுப்புக்குப் போனவர். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குகிறார். தேதி எழுதுகிறார். எத்தனை அடி என்று எழுதுகிறார். பக்கத்தில் மூச்சுக்கு ஒரு எண். மூச்சு சாதாரணமாக இருந்தால் 0. தாங்கவே முடியாவிட்டால் 10. மூன்று, நான்கு என்றால் சரி. அதற்கு மேல் போனால் மறுநாள் அடியைக் குறைக்க வேண்டும். "பரவாயில்லை, டாக்டர்" என்ற வாய்ப் பேச்சைவிட அந்த நோட்டு மருத்துவருக்கு அதிகம் சொல்லும்.

இதனால் உண்மையில் பயன் உண்டா? தைவானில் நுரையீரல் புற்றுநோய் உள்ள 116 பேரை வைத்துப் பார்த்தார்கள். அவர்களில் ஒரு பாதிப் பேர் 12 வாரம், வாரத்தில் மூன்று நாள், 40 நிமிடம் வீட்டில் இருந்தபடி நடைப்பயிற்சி செய்தார்கள். அவர்களுக்குக் கவலையும் மனச்சோர்வும் குறைந்தன. 2015-இல் இது வெளிவந்தது. ஆஸ்திரேலியாவில் ஆபரேஷன் செய்ய முடியாத 92 பேரை வைத்துப் பார்த்தது 2019-இல் வெளிவந்தது. பயிற்சி செய்தவர்கள் மற்றவர்களைவிட அதிக தூரம் நடந்துவிடவில்லை. ஆனால் ஆறு மாதம் கழித்து அவர்களுக்குத் தொல்லைகள் குறைவாக இருந்தன, நாட்கள் கொஞ்சம் நன்றாகக் கழிந்தன. பெரிய அதிசயம் இல்லை. ஆனால் முற்றிய நோயில் இதுவும் பெரிய விஷயம்தான்.

எப்போது உடனே நிறுத்த வேண்டும்? நெஞ்சு வலி, இருமலில் ரத்தம், தலை சுற்றல், ஒரு கால் மட்டும் வீங்குதல், எலும்பில் புதிய வலி. கீமோவுக்குப் பின் காய்ச்சல் வந்தாலும் பயிற்சி கூடாது. இவற்றுக்கெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முதுகு வலியோடு கால் வலுவிழந்தாலோ, சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ அன்றைக்கே போக வேண்டும். மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது.

வீட்டுக்கு வந்து பார்க்க ஆள் கிடைக்குமா? கேரளத்தில் கோழிக்கோட்டில் 1993-இல் வலி தணிப்புச் சிகிச்சைக்கு ஒரு சங்கம் தொடங்கியது. பிறகு அக்கம்பக்கத்துத் தொண்டர்களும் நர்சுகளும் வீடு வீடாகப் போகும் வழக்கம் அங்கே வளர்ந்தது. 2008-இல் கேரள அரசே இதற்கு ஒரு கொள்கை வகுத்தது. பல ஊர்களில் இன்னும் இந்த வசதி இல்லை. இருக்கிறதா என்று ஆஸ்பத்திரியில் கேட்டுப் பாருங்கள். எல்லோரும் கேட்டால்தான் வரும்.

கீமோ ஏற்றிய பிறகு சில நாட்கள் உடம்பு அடித்துப் போட்டது போல இருக்கும். அந்த நாட்களில் படுத்தபடியே பாதத்தை மேலும் கீழும் ஆட்டினால் போதும். நோய் இன்னும் முற்றும்போது 80 அடி 40 ஆகும், 40 பத்தாகும். அது அவர் சோம்பலால் வந்தது அல்ல. அப்போது யாரும் அவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. தலையணையை உயர்த்தி உட்கார வைத்து விசிறலாம். வேண்டாம் என்று அவர் சொன்னால், நோட்டில் தேதியை மட்டும் எழுதி மூடி வையுங்கள்.