எங்கள் குப்பத்துப் பள்ளிக்கூடம்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)

சேமிப்பு, கடன் பற்றி மற்றவர்கள் பேசிவிட்டார்கள். என்னை எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் பத்தாவது வரைக்கும் படித்தவள். இப்போது அந்தப் பள்ளியில் காலை உணவு சமைக்கிறேன்.

பழவேற்காட்டுக்கு வருகிறவர்கள் டச்சுக்காரர்கள் கல்லறையைத்தான் போட்டோ எடுக்கிறார்கள். 1613-ல் அவங்க கோட்டை கட்டினது எல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. நம்ம ஊர்ப் பிள்ளைங்க எப்படி சிலேட்டு பிடிச்சாங்க என்பது புத்தகத்தில் வராது. அதனால் என் மாமியார் சொன்னதையும் நான் கண்ணால் பார்த்ததையும் வைத்துத்தான் பேசுகிறேன்.

முதலில் பனை ஓலைக் கொட்டகைதான் பள்ளிக்கூடம். ஏரிக்கு அந்தப் பக்கத்தில் இருந்து வாத்தியார் படகில் வருவார். தண்ணி வத்தி படகு தரை தட்டினால், வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு நடந்து வருவாராம். புயல் அடிச்சா கூரை போகும். ஊர் கூடி மறுபடி வேயும். கூரை பறந்த கதையை அத்தை சிரிச்சுக்கிட்டேதான் சொல்வாங்க. சிரிக்காமல் சொல்வது வேறு ஒன்று.

1953-ல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது கிராமத்துப் பள்ளிகளுக்கு ஒரு திட்டம் வந்தது. பாதி நாள் படிப்பு, மீதி நேரம் அப்பா அம்மா செய்யும் தொழில். குலக்கல்வி என்று எதிர்ப்பு கிளம்பியது. 1954-ல் காமராஜர் வந்ததும் அதை எடுத்துவிட்டார். எடுத்தது சரிதான். ஆனால் எங்கள் குப்பத்தில் பொம்பளைப் பிள்ளைகளுக்கு அது ரொம்ப காலம் நிக்கவே இல்லை. விடியற்காலை அம்மா கூடையோடு கரைக்குப் போவாங்க. இடுப்பில் தம்பிப் பாப்பாவோடு பெரிய பொண்ணு வீட்டில் இருக்கணும். அத்தை தம்பியைத் தூக்கிக்கொண்டே மூணாவது வரை போனாங்க. தம்பி அழுதால் வாத்தியார் வெளியே போகச் சொல்லுவார். ஒரு நாள் போனவங்க, அதோட திரும்பிப் போகலை.

1956-ல் காமராஜர் மதிய உணவு தொடங்கினார், எல்லாருக்கும் தெரியும். எம்.ஜி.ஆர். சத்துணவும் தெரியும். அதில் எங்களுக்குப் பெரிசாகத் தெரிகிற விஷயத்தை யாரும் பேச மாட்டாங்க. 1982 ஜூலை 1-ஆம் தேதி அந்தத் திட்டம் தொடங்கியபோது, பள்ளிப் பிள்ளைகளோடு 2 வயதில் இருந்து 5 வயது வரை உள்ள சின்னக் குழந்தைகளுக்கும் சோறு போட்டார்கள். பால்வாடியில் பாப்பாவை விட்டால் அதுக்குச் சாப்பாடு உண்டு, பார்த்துக்க ஒரு ஆயா உண்டு. அக்காக்காரி இடுப்பு காலியாச்சு. அவள் வகுப்புக்குள் உட்கார்ந்தாள். என் நாத்தனார்கள் ரெண்டு பேரும் அப்படித்தான் அஞ்சாவது முடித்தார்கள். ஒரு பொண்ணு படிக்கிறதுக்குப் பள்ளிக்கூடக் கட்டடம் மட்டும் போதாது, அவள் கையில் இருக்கிற வேலையை வேறு யாராவது வாங்கிக்கணும். இது திட்டம் போட்ட ஆபீசருக்குத் தெரியுமோ என்னவோ, எங்க அத்தைக்குத் தெரியும்.

ஆம்பளைப் பிள்ளைகள் கதை வேறு. நம்ம ஏரியில் பாடு முறை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். முகத்துவாரம் பக்கத்தில் நல்ல இடத்தில் வலை கட்ட எல்லாருக்கும் ஆசை இருக்கும். சண்டை வராமல் இருக்க, இன்னிக்கு இவங்க, நாளைக்கு அவங்க என்று முறை வைத்திருக்கிறார்கள். அந்த முறையில் ஆம்பளை பேர்தான் ஏறும். முறை வந்த அன்னிக்கு ஆள் வேணும், பையன் பள்ளிக்கூடம் வர மாட்டான். அவன் எட்டாவதில் நின்றாலும் நாளைக்கு ஏரியில் ஒரு பங்கு இருக்கும். பொண்ணுக்கு அது கிடையாது. முகத்துவாரம் மணல் மூடிக்கிட்டால் பையனுக்கும் பங்கு பேருக்குத்தான், அது வேற.

2004 சுனாமி வந்தது டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. பள்ளி இல்லாத நாள் என்று இன்னைக்கும் நாங்கள் சாமியைக் கும்பிடுகிறோம். அப்போது நான் பத்தாவது முடித்து வீட்டில் இருந்தேன். மேலே படிக்கணும்னா தினமும் ஏரி தாண்டணும், பொன்னேரி என்றால் இன்னும் தூரம். இருட்டுறதுக்குள்ள பொண்ணு வீடு வந்து சேருமா என்று எங்க அப்பா கேட்டார். பதில் சொல்ல வீட்டில் ஆள் இல்லை.

இனி இப்போதைய நிலைமை. 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா ஊர் அரசு தொடக்கப் பள்ளிக்கும் வந்தது. சமைக்கிறது நம்ம குழுப் பெண்கள். அஞ்சரை மணிக்கு நான் அடுப்பு பத்த வைக்கிறேன். திங்கட்கிழமை உப்புமா, புதன்கிழமை பொங்கல். பொங்கல் அன்னிக்கு யாரும் லீவு போடுவதில்லை! காலையில் கரைக்குப் போகிற அம்மாவுக்குப் பெரிய கவலை தீர்ந்தது. தினமும் 26 தட்டு எண்ணி வைக்கிறேன். அஞ்சாவது வரைக்கும் எங்கள் ஊரில் வீட்டில் நிற்கிற பொண்ணு இன்றைக்கு ஒருத்தியும் இல்லை.

ஆறாவதுதான் பிரச்சினை. இந்த வருஷம் அஞ்சாவது முடித்த பொண்ணுங்களில் 3 பேர் ஆறாவதில் சேரவில்லை. மூணு பேருக்கும் நான் சோறு போட்டிருக்கிறேன். ஒருத்தி ஷெட்டில் இறால் உரிக்கிறாள். பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச பஸ் பாஸ் இருக்கிறது. நமக்கும் 2021-ல் இருந்து டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை. படகுக்கு யாரும் பாஸ் தரவில்லை. பதினொண்ணாவது போனால் சைக்கிள் தருவாங்க, அதை ஏரியில் ஓட்ட முடியாது. 14 வயசு வரைக்கும் படிப்பு கட்டாயம் என்று 2010-ல் இருந்து சட்டம் இருக்கிறது. சட்டம் கரையில் நிற்கிறது, பொண்ணு அந்தக் கரைக்குப் போகணும்.

வீடு வீடாகப் போய்க் கேட்டேன். படகுக் காசு ஒரு காரணம். பெரிய காரணம், எங்க அப்பா கேட்ட அதே கேள்வி. சாயந்திரம் யார் கூட வருவா?

அதனால் கூட்டமைப்புக்கு ரெண்டு விஷயம் கேட்கிறேன். பொது நிதியில் வருகிற வட்டியில் இருந்து இந்த வருஷம் படகுக் காசு கொடுக்கணும். இன்னொன்று, ஆம்பளைங்க ஏரிக்கு முறை வைத்த மாதிரி நாம் பிள்ளைகள் கூடப் போக முறை வைக்கணும். எங்கள் ஊரில் 4 குழு இருக்கிறது, 48 பேர். காலையில் ஒருத்தர், சாயந்திரம் ஒருத்தர் போனால், ஒவ்வொருவருக்கும் மாதத்துக்கு ஒரு நாள்தான் வரும். அன்னிக்கு வியாபாரம் கொஞ்சம் குறையும், அது எனக்கும் தெரியும். பக்கத்துக் குப்பங்களில் இருந்தும் பொண்ணுங்க அதே படகுத்துறைக்குத்தான் வர்றாங்க, அவங்களையும் சேர்த்துக்கலாம். உடம்பு முடியாதவங்க, கைக்குழந்தைக்காரங்க பேரை விட்டுடலாம்.

முதல் வாரத்துக்கு நான் பேர் எழுதிக் கொண்டு வந்திருக்கிறேன். திங்கட்கிழமை காலை எனக்கு அடுப்பு வேலை, அதனால் சாயந்திரம் நான் போகிறேன். காலைக்கு ஆள் வேணும். நோட்டு தலைவி அக்காவிடம் இருக்கிறது. சாப்பிடப் போவதற்கு முன்னாடி கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க.