வண்டி எடுக்கலை

சங்கீதம், கூத்து, சிற்பம் என்று கலை விமர்சனம் கேட்டுப் பழகியவர்களுக்கு இன்றைய பொருள் கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்காக இருக்கும். காலையில் ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடிக்கும் பழைய லாரிக்கு என்ன குறை என்று கண்டுபிடிப்பதையும் ஒரு கலையாகத்தான் நான் பார்க்கிறேன்.

இதில் தேர்ந்த கைகளை நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கத்துப் பட்டறைகளில் பார்க்கலாம். நான் சொல்வது லேலண்ட் காமெட், டாடா 1210 போன்ற கம்ப்யூட்டர் இல்லாத வண்டிகளை. டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. இழுத்த காற்றைப் பதினாறில் ஒரு பங்காக, பதினேழில் ஒரு பங்காக நெருக்கும்போது எழும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். அதற்கு எஞ்சின் வேகமாகச் சுற்ற வேண்டும், காற்றும் டீசலும் வர வேண்டும், கம்ப்ரஷன் கசியாமல் நிற்க வேண்டும். இவற்றில் எது இல்லை?

நல்ல மெக்கானிக் எடுத்தவுடன் ஸ்பேனரைத் தொடுவதில்லை. டிரைவரிடம் பேச்சுக் கொடுப்பார். "நேத்து நீ ஆஃப் பண்ணியா, அதுவா நின்னுச்சா?" ஓடும்போது தானாக நின்ற வண்டிக்கும், ஒழுங்காக வந்து படுத்து விடிந்ததும் எடுக்காத வண்டிக்கும் நோய் வேறு. பிறகு "செல்ஃப் அடி" என்று சொல்லிவிட்டுக் காதைக் கொடுப்பார். டக்டக்டக் என்று விடாமல் தட்டினால் பேட்டரியில் சத்தில்லை, அல்லது டெர்மினலில் உப்புப் பூத்திருக்கிறது. ஒரே ஒரு டக்கோடு அடங்கினால் சந்தேகம் சோலனாய்டு மேலும் செல்ஃப் மோட்டார் மேலும் போகும். மோட்டார் மட்டும் வெறுமனே விர்ரென்று சுற்றினால் பெண்டிக்ஸ் பல் ஃப்ளைவீலைப் பிடிக்கவில்லை.

சோம்பலாகச் சுற்றும் வண்டியில்தான் ஆளின் தரம் தெரியும். அரைகுறை ஆள் புது பேட்டரி வாங்கச் சொல்லிவிடுவார். 12 வோல்ட் பேட்டரி ஒவ்வொன்றும் சும்மா இருக்கையில் 12.6 காட்டுகிறதே, அப்புறம் ஏன் இழுக்கவில்லை என்று யோசிப்பவர் கேபிளைத் தடவிப் பார்ப்பார். செல்ஃப் அடித்தபின் எந்த இணைப்பு சுடுகிறதோ அங்கேதான் கரண்ட் சிக்கிக்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் அது சேஸிஸில் துருப்பிடித்த எர்த் போல்ட்டாக இருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் செலவு ஒரு டீக்காசு.

எஞ்சின் நன்றாகச் சுற்றியும் எடுக்கவில்லை என்றால் சைலன்சரைப் பார்க்க வேண்டும். வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை. புகையே இல்லையென்றால் டீசலே போகவில்லை. அப்போது முதலில் பார்க்க வேண்டியது ஸ்டாப் வயரை. இழுத்த லீவர் திரும்பாமல் மாட்டிக்கொண்டிருக்கலாம். அதைக்கூடப் பார்க்காமல், நாசிலுக்கு டீசலை அழுத்தித் தரும் இன்ஜெக்ஷன் பம்பைக் கழற்றுகிறவரை நான் இந்தக் கலைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஸ்டாப் வயர் சரியாக இருந்தால் அடுத்த சந்தேகம் ஏர் லாக். டேங்கிலிருந்து ஃபீட் பம்பு வரை டீசல் உறிஞ்சப்படுகிறது. அந்த வழியில் ஒரு வாஷர் நசுங்கினாலும், குழாயில் மயிரிழை விரிசல் விட்டாலும், ஓடும்போது டீசல் வெளியே ஒழுகாது. காற்றுதான் உள்ளே நுழையும். தரையில் ஒரு சொட்டு ஈரம் இருக்காது. காற்று அமுங்கும் பொருள் என்பதால் இன்ஜெக்ஷன் பம்பு தருகிற அழுத்தத்தையெல்லாம் அது விழுங்கிவிடும், நாசில் திறக்காது. கை பம்பை அழுத்தி, ஃபில்டரின் ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தினால் நுரை நுரையாக வரும். நுரை நின்று டீசல் தெளிந்து வந்ததும் முடுக்கிவிடுவார்கள். ஏர் எடுப்பதைப் பட்டறைப் பையனும் செய்வான். காற்று எங்கே நுழைந்தது என்று சொல்வதுதான் பெரிய வேலை. அதற்கு ஒரு சோதனை உண்டு. டேங்க் குழாயைக் கழற்றிவிட்டு, ஒரு கேனில் டீசல் ஊற்றி, அதிலிருந்து தனிக் குழாய் போட்டு ஃபீட் பம்புக்கே நேராகக் கொடுப்பார்கள். வண்டி எடுத்து, நிற்காமல் ஓடினால், பம்பின் மேல் பழி இல்லை. குற்றம் டேங்குக்கும் பம்புக்கும் நடுவில். பாதி வண்டியை ஒரே அடியில் சந்தேகத்திலிருந்து விலக்கிவிடும் இந்தச் சோதனையின் அழகை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

குறைகளும் உண்டு. பெட்ரோல் நனைத்த துணியை ஏர் ஃபில்டர் வாயில் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடிக்கும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. எஞ்சின் எடுக்கலாம், ரிங் உடையலாம், தீயும் பிடிக்கலாம். டீசலை வாயால் உறிஞ்சுவது நுரையீரலுக்குக் கேடு. நாசில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கும் என்று பையன்களுக்கு எத்தனை பேர் சொல்லித் தருகிறார்கள்? ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தே வருடங்கள் போகின்றன, காரணம் சொல்ல ஆளில்லை. இந்தக் கலையின் ஆசிரியர்களுக்கு நான் போடும் மதிப்பெண் குறைவுதான்.

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபின் விற்கும் லாரிகளில் ஸ்கேனரைச் செருகினால் கோளாறுக்கு ஒரு குறியீடு வந்துவிடுகிறது. நல்ல வசதி. ஆனால் வோல்டேஜ் குறைவு என்று ஸ்கேனர் காட்டும்போது, பேட்டரியா எர்த் போல்ட்டா என்று தெரிய ஒருவர் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்துத்தான் ஆக வேண்டும்.