புத்தகக் காட்சியில் வழி தேடுவோர்க்கு



அறிவியல் புனைகதை அன்பர்கள் 1939இல் நியூயார்க்கில் தம் முதல் உலக மாநாட்டைக் கூட்டியபோது வந்தவர் ஏறத்தாழ 200 பேர். நமக்கோ சென்னைப் புத்தகக் காட்சியே மாநாடு. 1977இல் 22 அரங்குகளோடு தொடங்கிய அது, 2025இல் நந்தனத்தில் ஏறத்தாழ 900 அரங்குகளாய் விரிந்திருந்தது.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலை பார்க்கும் நம் அன்பர்க்குக் கிடைப்பது ஒரே ஒரு ஞாயிறு. மின்சார ரயிலில் சென்ட்ரல், அங்கிருந்து மெட்ரோவில் நந்தனம்; திருவள்ளூர் அன்பர்க்கும் அவ்வாறே. முதல் வரிசையிலிருந்தே நின்று நின்று நடந்தால் பாதியில் காலும் தளரும், கைப்பணமும் தீரும். அடியேன் ஒருமுறை சமையல் நூல்களோடு வீடு திரும்பியவன்.

அரங்குகள் பதிப்பகங்களின் பெயரால் நிற்பவை, பொருளால் அல்ல. சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வை நாவல்களிடையேயும், ஜெயமோகனின் ‘விசும்பு’வைச் சிறுகதைகளிடையேயும் தேட வேண்டும். “அறிவியல் கதை உண்டா?” என்றால் சிறுவர் நூலை நீட்டுவார்கள். நூற்பெயரும் ஆசிரியர் பெயரும் சொல்லிக் கேளுங்கள். பதிப்பகம், அரங்கு எண், விலை மூன்றையும் முதல்நாளே ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

அத்தகைய பட்டியலொன்றை நம் வட்டமே ஆண்டுதோறும் எழுதலாகாதா? சுஜாதா 2008இல் மறைந்தார். அவருக்குப் பின் எழுதுவோரை நாம் பெயர் சொல்லிக் கேட்கவில்லையெனில் மறுபதிப்பு எங்ஙனம் வரும்?

மற்றொன்று: கனமான நூல்களை இறுதியில் வாங்குங்கள். திரும்பும் வண்டியில் பெரும்பாலும் நின்றுதான் வரவேண்டியிருக்கும்.