இடம் மாறிய எழுத்துகள்



"இன்ஜினியருக்கு உயிரியல்ல என்னப்பா வேலை?"ன்னு கேப்பீங்க. டி.என்.ஏ. படிக்கும் கருவிகளைப் பராமரிப்பது என் தொழில். அந்த உரிமையில் பேசுகிறேன்.

நம் கீழையூர் வீரட்டானேசுவரர் கோயிலில் கபிலரைக் குறிப்பிடும் இராசராசன் காலத்துக் கல்வெட்டு இருப்பது உங்களுக்குத் தெரியும். பழைய கோயில்களைப் புதுப்பிக்கும்போது இப்படி எழுத்துள்ள கல்லைத் தலைகீழாக வேறெங்கோ பதித்துவிடுவதும் உண்டு. எழுத்து இருக்கும், சேதி அறுந்துபோகும். நம் உடம்பிலும் இதே கதைதான்.

செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியா, நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் தனியே வாழ்ந்த பாக்டீரியாவின் வாரிசு. அதன் மரபணுக்கள் பல அழிந்தன. பல நியூக்ளியசுக்குக் குடிபெயர்ந்தன. இன்று மனிதரில் அதற்கு மிச்சம் 16,569 எழுத்துகள், 37 மரபணுக்கள்.

எப்படிக் குடிபெயரும்? நியூக்ளியசின் டி.என்.ஏ. அறுந்தால் செல் அவசரமாக ஒட்டுப்போடும். அருகே வந்து சேர்ந்த மைட்டோகாண்ட்ரியத் துண்டு இடையில் சிக்கி ஒட்டிக்கொள்ளும். பெரும்பாலும் அது வேலை செய்யாத நகல். பெண்ணையாற்றங்கரை நெல்லும் இதற்கு விலக்கல்ல. இந்தியாவும் பங்கேற்று 2005-ல் வெளியான நெல் மரபுத்தொகுதி ஆய்வில் இத்தகைய துண்டுகள் நூற்றுக்கணக்கில் தென்பட்டன.

இது பழங்கதையும் இல்லீங்க. 66,083 பேரின் டி.என்.ஏ.வைப் படித்து 2022-ல் வெளியான ஆய்வு, சுமார் பத்தாயிரம் பிறப்புக்கு ஒன்றில் புதிய துண்டு சேர்கிறது என்கிறது.

இதனால் என்ன நஷ்டம்? 1994-ல் அமெரிக்காவில், எட்டுக் கோடி ஆண்டு பழமையான எலும்பில் டைனோசர் டி.என்.ஏ. கிடைத்ததாக அறிவித்தார்கள். மறு ஆண்டே விஷயம் வெளுத்தது: அது மனித நியூக்ளியசில் கிடக்கும் மைட்டோகாண்ட்ரிய நகலாம்!

டைனோசர் போனால் போகட்டும். தாய்வழி வரும் நோயைத் தேடும்போது இந்த நகலைப் படித்துவிட்டால், இல்லாத நோயை ஒரு தாயின் தலையில் கட்டிவிடுவோமே! நகல்கள் பெரும்பாலும் சிறு துண்டுகள். ஆகவே மைட்டோகாண்ட்ரிய வளையம் முழுவதையும் நீளமாக நகலெடுத்துப் படித்தால், பிழை வெகுவாகக் குறையும்.

தம்பிகளே, தங்கைகளே! எழுத்தைப் படிப்பது கருவியின் வேலை. அது அசலா நகலா என்று விசாரிப்பது நம் வேலை. அந்தப் பழக்கத்தை இந்த வகுப்பறைகளிலேயே கத்துக்குங்க.