1979: வேலூர்க் கலைவாணியும் குப்பம்மாவும்



இந்த அறக்கட்டளையார் என்னைத் தேசியத் திரைப்பட விருதுகளைப் பற்றிப் பேசப் பணித்திருக்கிறார்கள். முழு வரலாற்றையும் சொல்லப் புகுந்தால் இந்த மலையடிவாரத்து அமிர்தியிலிருந்து கிளம்பும் கடைசிப் பேருந்தை நீங்கள் தவறவிட நேரும். எனவே ஓர் ஆண்டோடு நிறுத்திக்கொள்கிறேன். 1979ஆம் ஆண்டுப் படங்களுக்காக 1980இல் வழங்கப்பட்ட 27வது விருதுகள் அவை. அப்போது குடியரசுத் தலைவர் நீலம் சஞ்சீவ ரெட்டி.

அந்த ஆண்டின் சிறந்த படமாகத் தங்கத் தாமரை பெற்றது ‘ஷோத்’ என்ற இந்திப் படம். இயக்கியவர் பிப்லப் ராய் சௌத்ரி. பார்த்தவர்கள் கையைத் தூக்குங்கள் என்று கேட்டால் இந்த அவையில் எத்தனை கை எழும்? சிறந்த இயக்குநர் மிருணாள் சென். சிறந்த நடிகர் ‘ஸ்பர்ஷ்’ படத்தில் பார்வையற்ற பள்ளி முதல்வராக வந்த நஸீருத்தீன் ஷா. தாதா சாகேப் பால்கே விருது சோராப் மோடிக்கு. இவர்களைப் பற்றி வடக்கே நிறையப் பேசுவார்கள். நம் ஊருக்கு நெருக்கமானவை பட்டியலில் வேறு இடத்தில் இருக்கின்றன.

முதலில் ‘சங்கராபரணம்’. கே. விஸ்வநாத் இயக்கிய தெலுங்குப் படம். திரையரங்குக்கு வந்தது 1980 பிப்ரவரி 2ஆம் தேதி. பிறகெப்படி 1979 விருது? தணிக்கைச் சான்றிதழ் பெற்ற ஆண்டுதான் கணக்கு. ஒல்லியான கதாநாயகன் இல்லை, சண்டை இல்லை. அரசு அதிகாரியாக இருந்த சோமயாஜுலு வயதான சங்கீத வித்வானாக நடித்தார். அந்தப் படம் தமிழ்நாட்டிலும் தெலுங்கிலேயே ஓடியது. வேலூர்க்காரர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. காட்பாடியைத் தாண்டினால் சித்தூர். இங்கே ஒரே தெருவில் தமிழும் உருதும் தெலுங்கும் கேட்கும்.

இசையமைப்பாளர் கே.வி. மகாதேவன், பாடகர் எஸ்.பி. பாலசுப்ரமணியம், பாடகி வாணி ஜெயராம் என்று இசைக்கான மூன்று விருதுகளையும் அந்த ஒரு படமே அள்ளியது. மகாதேவன் நாகர்கோவில் பக்கத்துக்காரர். பாலுவுக்கு அது முதல் தேசிய விருது. பின்னால் ஐந்து சேர்ந்தன. மூன்றாமவர் நம்மவர்.

1945 நவம்பரில் வேலூரில் பிறந்தபோது அவருக்கு இட்ட பெயர் கலைவாணி. கர்நாடக சங்கீதம் கற்று, ஸ்டேட் வங்கியில் வேலை பார்த்து, திருமணத்துக்குப் பின் பம்பாய் போனார். அங்கே உஸ்தாத் அப்துல் ரஹ்மான் கானிடம் இந்துஸ்தானி பயின்றார். வங்கி வேலையை விட்டார். 1971இல் ‘குட்டி’ என்ற இந்திப் படத்துக்காக வசந்த் தேசாய் அவரைப் பாட வைத்தார். நாடே திரும்பிப் பார்த்தது. பம்பாயில் போட்டி கடுமை. சென்னைக்கு வந்தார். ‘அபூர்வ ராகங்கள்’ முதல் தேசிய விருதைக் கொடுத்தது, ‘சங்கராபரணம்’ இரண்டாவதை, ‘ஸ்வாதி கிரணம்’ மூன்றாவதை. பின்னிரண்டும் விஸ்வநாத்–மகாதேவன் கூட்டணி. 2023 ஜனவரியில் பத்மபூஷண் அறிவித்தார்கள். அதைக் கையில் வாங்குமுன் பிப்ரவரி 4 அன்று மறைந்தார். அதற்கு இரண்டு நாள் முன்புதான் விஸ்வநாத் போனார், சங்கராபரணம் வெளியான அதே தேதியில்.

இனி, அதே பட்டியலில் உள்ள இன்னொரு பெண். சிறந்த நடிகை, ‘பசி’ படத்துக்காக ஷோபா. சிறந்த தமிழ்ப் படமும் அதுவே. இயக்குநர் துரை. சென்னைக் குப்பத்தில் சைக்கிள் ரிக்‌ஷா இழுப்பவரின் மகள் குப்பம்மா. காகிதம் பொறுக்கிப் பிழைப்பவள். ஒரு லாரி டிரைவரை நம்பி ஏமாறுகிறாள். அப்பாவாக டெல்லி கணேஷ். மேக்கப் இல்லாத முகமும் அந்தச் சேரித் தமிழும் அன்றைய தமிழ் சினிமாவில் அபூர்வம். சிறந்த நடிகைக்கான ‘ஊர்வசி’ என்ற பட்டத்தை அரசு கைவிட்ட பிறகும் ஜனங்கள் அவரை ஊர்வசி ஷோபா என்றே அழைத்தார்கள். 1980 மே 1 அன்று அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது பதினேழு. அந்தச் சாவைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதித் தீர்த்ததில் பாதிகூட அந்த நடிப்பைப் பற்றி எழுதவில்லை. எனக்கு இதில் இன்றும் கோபம் உண்டு.

ஒரே ஆண்டு, ஒரே பட்டியல், இரண்டு பெண்கள். வாணியின் குரல் தினமும் நம்மைத் தேடி வருகிறது. விடியற்காலையில் ஷூ கம்பெனி பஸ்ஸில் ஷூவின் மேல்பகுதி தைக்கப் போகும் பெண்களின் செல்போனில்கூட அது இருக்கும். பாட்டுக்கு அந்த வசதி உண்டு: மூன்று நிமிடம், வேலை செய்துகொண்டே கேட்கலாம். படம் அப்படியல்ல. யாராவது திரை கட்டி, நாற்காலி போட்டு, இரண்டு மணி நேரம் உட்கார வைக்க வேண்டும். ஆகவே ஷோபா ஒரு பெயராகவும் ஒரு மரணச் செய்தியாகவும் சுருங்கிவிட்டார். டெல்லியில் விருது கொடுத்தவர்கள் தங்கள் வேலையைச் செய்தார்கள். பதக்கம் கொடுத்த கையோடு படத்தை ஊர் ஊராகக் காட்டும் பொறுப்பையும் அவர்கள் ஏற்றிருக்க வேண்டும் என்பது என் கட்சி. தங்கத் தாமரை வாங்கிய ‘ஷோத்’துக்கும் இதே கதிதான்.

பிறர் சாப்பிடும் அரிசிக்கும் போடும் செருப்புக்கும் பின்னால் உள்ள உழைப்பை அறிந்த வட்டாரம் இது. குப்பம்மாவை இங்கே யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அறக்கட்டளையாரிடம் ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். அடுத்த ஆண்டு என்னைப் போல ஒருவரைப் பேச அழைக்காதீர்கள். அந்தச் செலவில் ‘பசி’யைத் திரையிடுங்கள். கம்பெனிகளுக்கு விடுமுறையான ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து, பெண்கள் வந்து போக வண்டியும் ஏற்பாடு செய்து வையுங்கள்.