குளத்தங்கரைக்கு வந்த தத்துவம்



"தத்துவம் சோறு போடுமா?" என்று கேட்கிறார்கள். புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பார்த்து வீட்டிலும் கேட்கிறார்கள், தெருவிலும் கேட்கிறார்கள். சோறு ஒருபுறம் இருக்கட்டும். முதலில் தண்ணீரைப் பேசுவோம்.

பொதுக் குளங்களையும் கிணறுகளையும் தீண்டப்படாதவர் என்று ஒதுக்கப்பட்ட மக்களும் பயன்படுத்தலாம் என்று 1923-இல் பம்பாய்ச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. அடுத்த ஆண்டே பம்பாய் மாகாணத்து மகாட் நகராட்சியும் தன் சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் எழுதியது. எழுதியதோடு சரி! மூன்று ஆண்டுகள் ஓடின. ஆடு குடித்தது, மாடு குடித்தது. மனிதன் ஒரு கை அள்ள முடியவில்லை.

1927 மார்ச் 20. ஆயிரக்கணக்கான மக்கள் பின்தொடர, அண்ணல் அம்பேத்கர் அந்தக் குளத்தில் இறங்கினார். நீரை அள்ளிக் குடித்தார். அதற்குப் பரிசு என்ன? வந்தவர்களை அடித்து விரட்டினார்கள். சாணமும் கோமியமும் கலந்து 108 குடம் ஊற்றிக் குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள். வழக்கு போட்டார்கள். உயர் நீதிமன்றம் ஒதுக்கப்பட்ட மக்களின் பக்கம் தீர்ப்புச் சொல்ல 1937 ஆயிற்று. பத்து ஆண்டுகள் தோழர்களே, ஒரு வாய்த் தண்ணீருக்கு!

தீர்மானம் இருந்தும் தண்ணீர் ஏன் கிடைக்கவில்லை? இந்தக் கேள்விக்கு விடை தேட அம்பேத்கருக்குத் துணை நின்றவர் ஒரு தத்துவப் பேராசிரியர்.

1913-இல் பரோடா மன்னர் தந்த உதவித்தொகையோடு நியூயார்க் நகரத்துக் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார் அம்பேத்கர். அங்கே அந்தப் பேராசிரியர் ஜான் டூயியின் வகுப்பில் உட்கார்ந்தார். டூயி என்ன சொன்னார்? ஜனநாயகம் என்பது வெறும் ஆட்சிமுறை அல்ல. மனிதர்கள் கலந்து பழகி, ஒருவர் அனுபவத்தில் மற்றவர் பங்குகொண்டு வாழும் வாழ்க்கைமுறை. 1916-இல் வந்த 'ஜனநாயகமும் கல்வியும்' என்ற நூலில் இதை விரித்து எழுதினார். பழையது என்பதற்காக எல்லாவற்றையும் சுமக்காதீர்கள், நாளைய சமூகத்துக்கு எது நல்லதோ அதை மட்டும் பிள்ளைகளுக்குக் கொடுங்கள் என்றும் சொன்னார்.

டூயி பள்ளிக்கூடத்தை மனத்தில் வைத்து எழுதினார். அம்பேத்கர் அந்த எண்ணத்தை ஊருக்கும் சேரிக்கும் நடுவே இருக்கும் எல்லைக் கோட்டுக்கு எடுத்துவந்தார். கலந்து பழகுவதுதான் ஜனநாயகம் என்றால், பார்த்தாலே தீட்டு, தொட்டால் தீட்டு என்னும் சாதி எது? ஜனநாயகத்தின் நேர் எதிரி!

1936-இல் லாகூரில் சாதி ஒழிப்பு மாநாட்டுக்குத் தலைமை தாங்க அம்பேத்கரை அழைத்தார்கள். உரையை முன்கூட்டியே வாங்கிப் படித்தவர்கள் அஞ்சினார்கள். சில பகுதிகளை நீக்கச் சொன்னார்கள். ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற மறுத்தார் அண்ணல். மாநாட்டையே கைவிட்டார்கள். பேசவிடாத பேச்சைத் தம் சொந்தச் செலவில் அச்சிட்டார். அதில் டூயியைத் தம் ஆசிரியர் என்று நன்றியோடு குறிப்பிடுகிறார். அந்த உரையைத் தமிழில் 'சாதியை ஒழிக்க வழி' என்று வெளியிட்டவர் யார்? ஈரோட்டுப் பெரியார்!

"இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு" என்று ஒரு கூட்டம் சொல்கிறது. சிந்தனைக்கு எல்லை போடுகிறவர்களே, கேளுங்கள். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் ஆகியவற்றைப் பிரெஞ்சுப் புரட்சியிலிருந்து எடுக்கவில்லை, புத்தரிடமிருந்து எடுத்தேன் என்று 1954-இல் வானொலியில் சொன்னார் அம்பேத்கர். நம் சென்னைப் பேராசிரியர் லட்சுமி நரசு எழுதிய பௌத்த நூலின் மறுபதிப்புக்கு 1948-இல் அவரே முன்னுரை எழுதினார். அமெரிக்காவிலிருந்தும் கொண்டார், புத்தரின் கபிலவஸ்துவிலிருந்தும் கொண்டார், சென்னையிலிருந்தும் கொண்டார். எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்கவில்லை. என் மக்களின் முதுகை நிமிர்த்துமா என்றுதான் கேட்டார்!

1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அவர் ஆற்றிய உரையை எடுத்துப் படியுங்கள். எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் அவர் காலடியில் உங்கள் உரிமையை வைத்துவிடாதீர்கள் என்று ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் விடுத்த எச்சரிக்கையை அங்கே நினைவூட்டுகிறார். அரசியலில் ஒரு மனிதருக்கு ஒரு வாக்கு, சமூகத்திலோ ஏற்றத்தாழ்வு. இந்த முரண்பாட்டை நீடிக்கவிட்டால் கட்டிய வீடே இடிந்துபோகும் என்று எச்சரிக்கிறார். மகாட் குளத்தங்கரையில் பட்ட அடி அந்த உரையில் பேசுகிறது.

அந்த வீடு இன்று எப்படி இருக்கிறது? 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், பட்டியல் சாதி மக்கள் குடிக்கும் நீர்த்தொட்டியில் மலம் கலந்திருந்தது. தீண்டாமையை ஒழித்த 17-ஆவது பிரிவு அரசமைப்புச் சட்டத்தில் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. மகாட் நகராட்சியின் தீர்மானம் போல அதுவும் காகிதத்தில் கிடந்தால் போதுமா? தண்ணீர்த் தொட்டிக்கும், டீக்கடைக் குவளைக்கும், சுடுகாட்டுப் பாதைக்கும் அது வர வேண்டாமா?

தோழர்களே! ஏப்ரல் 14 வந்தால் சிலைக்கு மாலை போடுகிறோம். போடுங்கள். ஆனால் அந்த மனிதர் புத்தகத்தைத் தேடி அலைந்தவர். மாலையைத் தேடி அலைந்தவர் அல்லர். இந்தக் கூட்டம் முடிந்து போகும்போது ஒரே ஒரு முடிவு எடுத்துக்கொண்டு போங்கள். 'சாதியை ஒழிக்க வழி' நூலை வாங்குங்கள். தனியாகப் படிக்காதீர்கள், ஊரும் சேரியும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து, ஒருவர் படிக்க மற்றவர் கேட்கப் படியுங்கள். ஒரே பானையில் தண்ணீர் வைத்து, ஒரே குவளையில் குடித்துக்கொண்டு படியுங்கள். அந்தத் திண்ணையிலிருந்து சீர்திருத்தம் தொடங்கட்டும்!