இருதயத்தில் பட்ட காயம்

இருதயத்தில் கத்தி பாய்ந்தால் பிழைப்பில்லை என்றே நெடுங்காலம் நம்பிவந்தோம். 1896ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில், கத்திக்குத்துப்பட்ட இளைஞர் ஒருவரின் துடிக்கும் இருதயத்தை லூட்விக் ரேன் என்னும் அறுவை மருத்துவர் ஊசியால் தைத்தார், இளைஞர் பிழைத்தார்.

ஆபத்து, வெளியே ஒழுகும் இரத்தத்தில் மட்டும் இல்லை. இருதயத்தைச் சூழ்ந்த உறை உடனே விரிந்து கொடாது. அதனுள் விரைந்து தேங்கும் இரத்தம், சிறிதளவாயினும், இருதயத்தை நெருக்கி, அது நிரம்பவொட்டாமல் தடுக்கிறது. இரத்த அழுத்தம் தாழ்தல், கழுத்தின் இரத்தக் குழாய்கள் புடைத்தல், இருதய ஒலி மங்குதல் ஆகியன இதன் அடையாளங்கள். இம்மூன்றும் எல்லோரிடத்தும் சேர்ந்து தோன்றுவதில்லை. ஆகவே மருத்துவர்கள் அல்ட்ராசவுண்ட் கருவியால் உறையினுள் நோக்குகிறார்கள். இரத்தம் கண்டால் தாமதமின்றி மார்பைத் திறந்து, உறையைக் கீறி, காயத்தைத் தைக்கிறார்கள்.

நம் கடமை யாது? மார்பில் பட்ட காயம் சிறிதென்று ஏமாறலாகாது. தைத்து நிற்கும் கத்தியைப் பிடுங்கலாகாது. துளையை அதுவே அடைத்திருக்கலாம். அதை அசையாமல் காத்து, அறுவை வசதியுள்ள மருத்துவமனைக்கு விரைய வேண்டும். மொழி புதிதான ஊர்களில் வாழும் நமக்கு, எந்த மாநிலத்துக்கும் பொதுவான அவசர எண் 112 என்பது நினைவில் இருக்கட்டும்.